லெயோன் ப்ளூம் கொடுத்த பதினைந்து நாள்

ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் வராதே என்று பாரிசில் குடியேறிவிட்ட புதுச்சேரிச் சொந்தங்கள் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு வாய்த்தது அந்த மாதம்தான். போய் இறங்கிய மறுநாள் காலை ரொட்டி வாங்கக் கிளம்பினேன். முதல் கடை இழுத்துச் சாத்தியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. பக்கத்தில் சலவைக் கடை, அடுத்தாற்போல் செருப்பு தைக்கும் கடை, மூலையில் சின்ன உணவகம், எல்லாமே பூட்டு. ரொட்டிக் கடையின் இரும்புக் கதவில் கையால் எழுதிய ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஆண்டு விடுமுறை, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை, உங்களுக்கும் நல்ல விடுமுறையாக அமையட்டும். அவ்வளவுதான். நம் ஊரில் பத்து நாள் சேர்ந்தாற்போல் ஒரு கடை பூட்டிக் கிடந்தால் வீட்டில் கல்யாணம், இல்லாவிட்டால் சாவு என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். இந்தத் தாளில் வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்கும் தொனி துளிகூட இல்லை. ஓய்வு எடுப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை என்று வளர்ந்த ஒருவரின் கையெழுத்து அது.

ரொட்டி தேடி நான் நடந்துகொண்டிருந்த இடத்தின் பெயர் லெயோன் ப்ளூம் சதுக்கம். பாரிசின் 11-ஆம் வட்டார நகர்மன்றக் கட்டடம் அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் வோல்தேர் பெயரில் இருந்த சதுக்கம். மெட்ரோ நிலையத்தின் பெயர்ப் பலகையில் இன்றும் இருவர் பெயரும் இருக்கின்றன. நடுவில் ப்ளூமின் சிலை. அந்தக் கடைகளின் பூட்டுக்கும் அந்தச் சிலைக்கும் உள்ள உறவைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 1936 ஜூன் மாதம் அவர் தலைமை அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம்தான், பிரான்சில் ஓராண்டு வேலை பார்த்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளத்தோடு பதினைந்து நாள் விடுப்பு என்று எழுதியது.

அதற்கு முன்பு எப்படி இருந்தது? அரசு ஊழியர்களுக்கும் சில அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கும் விடுப்பு இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கு இல்லை. எட்டு மணி நேர வேலை என்ற சட்டம் 1919-இலேயே வந்துவிட்டது. வாரத்துக்கு 48 மணி நேரம். ஆனால் ஆண்டில் ஒரு வாரம் ஆலை நின்றால் அந்த வாரம் கூலி இல்லை. ஓய்வு என்றால் வேலை இழப்பு, வேலை இழப்பு என்றால் பட்டினி. பாரிசிலிருந்து நார்மண்டிக் கடற்கரை ரயிலில் சில மணி நேரம்தான். பாரிஸ் புறநகர் ஆலைகளில் பிறந்து வளர்ந்து கிழடு தட்டிப்போன எத்தனையோ பேர் அந்தக் கடலைப் பார்க்காமலே செத்தார்கள்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் ஆலையில் வேலை பார்த்தவர் இல்லை. 1872 ஏப்ரல் 9 அன்று பாரிசில், பட்டு ரிப்பன் வியாபாரம் செய்த அல்சாஸ் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பில் கெட்டி. எக்கோல் நோர்மால் என்னும் பேர்பெற்ற உயர்கல்விக் கூடத்தில் இடம் கிடைத்து, ஒரே வருடத்தில் தேர்வில் கோட்டைவிட்டு வெளியே வந்தார். பிறகு சட்டம் படித்து 1895-இல் அரசு ஆலோசனை மன்றத்தில் சேர்ந்தார். பகலில் அங்கே சட்ட நுணுக்கம், மாலையில் நாடக அரங்கம், இரவில் விமர்சனக் கட்டுரை என்று வாழ்ந்த மனிதர். எழுத்தாளர் ஆந்த்ரே ஜீத் பள்ளிக்காலத் தோழர். ஸ்தாந்தாலைப் பற்றி ஒரு நூல் எழுதினார். திருமணத்தைப் பற்றி 1907-இல் அவர் எழுதிய நூலில் ஆணுக்கு உள்ள அனுபவச் சுதந்திரம் பெண்ணுக்கும் வேண்டும் என்று சொன்னார். அதற்காக முப்பது வருடம் கழித்தும் திட்டு வாங்கினார்.

இப்படிப்பட்ட ஒருவரை அரசியலுக்கு இழுத்து வந்தது த்ரேஃபுஸ் வழக்கு. செய்யாத துரோகத்துக்காக ஒரு யூத ராணுவ அதிகாரியைத் தீவாந்தரச் சிறைக்கு அனுப்பிய வழக்கு அது. த்ரேஃபுஸுக்காக ஒரு கையெழுத்து கேட்டு, தான் பெரிதும் மதித்த எழுத்தாளர் மொரீஸ் பாரெஸிடம் ப்ளூம் போனார். பாரெஸ் மறுத்துவிட்டார். எழுத்தில் குருவாக நினைத்தவர் நியாயத்தின் பக்கம் நிற்காததைப் பார்த்த இளைஞனின் மனம் எப்படி இருந்திருக்கும்! அந்த நாட்களில்தான் சோசலிஸ்டுத் தலைவர் ழான் ழொரேஸ் அவருக்கு அறிமுகமானார். ழொரேஸ் பேச்சில் மேடையே அதிரும். உள்ளமோ குழந்தை உள்ளம். சோசலிசம் மனிதனைச் சிறுமைப்படுத்தாது, முழுமைப்படுத்தும் என்ற நம்பிக்கையை ப்ளூம் அவரிடமிருந்து பெற்றுக்கொண்டார். 1914 ஜூலை 31 இரவு, போர் வேண்டாம் என்று கடைசி வரை போராடிய ழொரேஸை பாரிஸில் ஒரு காப்பிக் கடையில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகுதான் ப்ளூம் முழுநேர அரசியலுக்கு வந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

1920 டிசம்பரில் தூர் நகரில் சோசலிஸ்டுக் கட்சி மாநாடு. ரஷ்யப் புரட்சியின் சூடு ஆறாத நேரம். பெரும்பான்மையினர் மாஸ்கோ தலைமையிலான அகிலத்தில் சேர முடிவெடுத்தார்கள். ப்ளூம் எழுந்து பேசினார். ரகசியக் கட்டுப்பாட்டில் நடக்கும் கட்சியும், ஒரு சிறு கூட்டத்தின் சர்வாதிகாரமும் கடைசியில் எங்கே போய் முடியும் என்று அன்றைக்கே எச்சரித்தார். நீங்கள் வெளியே போய்ப் பாருங்கள், யாராவது ஒருவர் பழைய வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நாங்கள் இருக்கிறோம் என்கிற பொருளில் முடித்தார். அவர்கள் போனார்கள். ழொரேஸ் தொடங்கிய பத்திரிகையான லுமானிதேயும் அவர்களோடு போயிற்று. நாடாளுமன்றத்தில் சில டஜன் உறுப்பினர்களும், காலிக் கஜானாவும்தான் ப்ளூமுக்கு மிச்சம். பதினாறே ஆண்டுகளில் அந்த வீட்டை அவர் நாட்டின் முதல் கட்சியாக்கிக் காட்டினார்.

1936 தேர்தலுக்குப் போகும் முன் அந்தப் பிப்ரவரி மாதத்தைப் பார்த்தாக வேண்டும். பிப்ரவரி 13 அன்று நாடாளுமன்றத்திலிருந்து சக உறுப்பினர் ழோர்ழ் மோனே காரில் ப்ளூம் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். சேன் ழெர்மேன் பெருவீதியில் வலதுசாரி வரலாற்றாசிரியர் ஒருவரின் இறுதி ஊர்வலத்துக்காகக் கூட்டம் நின்றது. காருக்குள் யார் என்று தெரிந்ததும் கண்ணாடிகளை உடைத்தார்கள். 63 வயதுக்காரரின் தலையிலும் கழுத்திலும் அடி. ரத்தம் வழிந்தது. பக்கத்தில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த தொழிலாளிகள்தான் ஓடிவந்து அவரை மீட்டு ஒரு வீட்டுக்குள் கொண்டு சேர்த்தார்கள். பிடுங்கிக்கொண்டு போன அவருடைய தொப்பியை, பிறகு ஆக்சியோன் ஃப்ரான்சேஸ் அமைப்பின் அலுவலகத்தில் போலீசார் கண்டெடுத்தார்கள். அந்த அமைப்பின் தலைவர் ஷார்ல் மொராஸ், ப்ளூமைச் சுட வேண்டும், அதுவும் முதுகில் சுட வேண்டும் என்று முந்தைய ஆண்டே பத்திரிகையில் பகிரங்கமாக எழுதியவர்.

வதந்திகளோ ஓயவே இல்லை. அவர் உண்மைப் பெயர் கார்ஃபுங்கல்ஸ்டைனாம், பிறந்தது பல்கேரியாவிலாம், வெள்ளித் தட்டில்தான் சாப்பிடுவாராம். ஒன்றும் உண்மையில்லை. பிறப்புச் சான்று பாரிஸ் நகர்மன்றத்தில் கிடக்கிறது. போய்ப் பார்த்தால் தெரியும். வெறுப்புக்கு ஆவணம் தேவைப்பட்டதே கிடையாது. இன்று ஒரு பொய் கைபேசியிலிருந்து கைபேசிக்குத் தாவ ஒரு நிமிடம் போதும். அன்று அச்சகமும், காகிதமும், காலைப் பத்திரிகையும் வேண்டியிருந்தன. அந்த உழைப்பையும் சலிக்காமல் செய்தார்கள்.

மே 3 அன்று இரண்டாம் சுற்று முடிந்தபோது மக்கள் முன்னணி வென்றிருந்தது. சோசலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், ரதிக்கால் கட்சியினர் மூவரும் சேர்ந்த கூட்டணி. மே 11 அன்று ல ஹாவ்ர் துறைமுக நகரில் ஒரு விமான ஆலையில், மே தினத்தன்று வேலைக்கு வராததற்காகச் சிலரை நீக்கியதை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆலைக்கு வெளியே கொடி பிடிக்காமல், உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஜூன் மாதத்துக்குள் நாடு முழுக்க ஏறத்தாழ 20 லட்சம் பேர். எந்திரங்களுக்கு நடுவே படுத்தார்கள், அக்கார்டியன் வாசித்தார்கள், ஆடினார்கள். எந்திரத்தை ஒருவரும் உடைக்கவில்லை. துடைத்து எண்ணெய் போட்டு வைத்தார்கள். தங்கள் வாழ்நாளை விழுங்கிய இடத்தில் முதன்முறையாகச் சிரித்தார்கள்.

ஜூன் 4 அன்று ப்ளூம் பதவியேற்றார். ஜூன் 6 அன்று நாடாளுமன்றத்தில் சவியே வல்லா என்ற வலதுசாரி உறுப்பினர் எழுந்து, இந்தத் தொன்மையான நாட்டை முதன்முறையாக ஒரு யூதர் ஆளப்போகிறார் என்று வருத்தம் தெரிவித்தார். அடுத்த நாள் ஞாயிறு. மத்திஞோன் மாளிகையில் முதலாளிகளையும் தொழிற்சங்கத்தையும் எதிரெதிரே உட்கார வைத்தார் ப்ளூம். நள்ளிரவு தாண்டிக் கையெழுத்தாயிற்று. சங்கம் வைக்கும் உரிமை, 7 முதல் 15 சதவீதம் வரை கூலி உயர்வு. மிகக் குறைந்த கூலிக்காரருக்கே மிக அதிக உயர்வு. சில பெண் தொழிலாளர்கள் வாங்கிய கூலியின் கணக்கைக் கையில் கொடுத்தபோது முதலாளிகள் தரப்பினரே வாயடைத்துப்போனார்கள் என்பார்கள். இரண்டே வாரத்தில் மூன்று சட்டங்கள். ஜூன் 20 அன்று சம்பளத்துடன் விடுப்பு, அடுத்த நாள் வாரத்துக்கு 40 மணி நேர வேலை, 24-ஆம் தேதி கூட்டு ஒப்பந்தச் சட்டம்.

இதில் ஒன்றை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. சம்பளத்துடன் விடுப்பு என்பது மக்கள் முன்னணியின் தேர்தல் திட்டத்திலேயே கிடையாது. ஆலைக்குள் உட்கார்ந்தவர்களின் பிடிவாதமும் ப்ளூமின் மனசும் சேர்ந்து கொண்டுவந்தது அது. காசைக் கூட்டித் தந்த அரசுகள் எத்தனையோ உண்டு. வேலை செய்யாத நாளுக்கு மரியாதை தந்த அரசு அபூர்வம். அந்த மரியாதையைக் கவனித்துக்கொள்ளத் தனியாக ஒரு துணை அமைச்சரையே நியமித்தார்கள், விளையாட்டுக்கும் ஓய்வுக்கும் பொறுப்பாக, லெயோ லக்ராஞ்ழ் என்ற முப்பத்தைந்து வயது இளைஞரை. எதிர்த்தவர்கள் அவருடைய துறையைச் சோம்பேறித்தன அமைச்சகம் என்றார்கள். ரயில்வே நிறுவனங்களோடு பேசி 40 சதவீதக் கட்டணக் குறைப்போடு ஒரு பயணச் சீட்டை வாங்கிக் கொடுத்தார் அவர். அந்த முதல் கோடையில் மட்டும் சுமார் 6 லட்சம் பேர் அந்தச் சீட்டில் ரயிலேறினார்கள். பணம் போதாதவர்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். இருவர் மிதிக்கும் டாண்டம் சைக்கிளில் கணவனும் மனைவியும், பின்னால் கூடாரத் துணி மூட்டை. கடற்கரை மாளிகைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

அதே அமைச்சரவையில் மூன்று பெண்களைத் துணை அமைச்சர்களாக்கினார் ப்ளூம். இரேன் ழோலியோ க்யூரி, செசில் ப்ருன்ஷ்விக், பள்ளி ஆசிரியை சுசான் லக்கோர். அவர்களால் அரசில் இடம்பெற முடிந்தது. தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலில் ஓட்டுப் போட்டது 1945-இல்.

இனி எழுதப்போவது எனக்கு எழுதக் கடினமான பகுதி. பாரிஸ் தொழிலாளிகள் முதன்முதலாகக் கடலில் கால் நனைத்த அதே ஜூலை மாதம், பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில் என்ன நடந்தது? சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். விடிவதற்கு முன் உள்ளே போய், இருட்டிய பின் வெளியே வரும் வேலை. பெண்களும் சிறுவர்களும் உண்டு. பிரான்சில் தொழிலாளிகள் ஆலைக்குள் உட்கார்ந்து வென்ற சேதி கடல் கடந்து இங்கேயும் வந்தது. இங்கேயும் உட்கார்ந்தார்கள், வ. சுப்பையா தலைமையில், அதே எட்டு மணி நேர வேலைக்காகவும் சங்க உரிமைக்காகவும். ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. பன்னிரண்டு பேர் செத்தார்கள். பாரிசில் ஆட்சியில் இருந்தது ப்ளூம்; குடியேற்ற நாடுகளுக்கு அமைச்சர் மரியுஸ் முத்தே, அவரும் சோசலிஸ்டுதான்.

அந்தத் துப்பாக்கிக்கு ப்ளூம் ஆணையிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவருடைய நாட்காட்டியில் அந்த நாள் உண்டு. மனிதனுக்கு ஓய்வு உரிமை என்று அவர் எழுதியபோது மனிதன் என்ற சொல் எத்தனை தூரம் நீண்டது என்று புதுச்சேரிக்காரன் கேட்காமல் யார் கேட்பது? அல்ஜீரியாவில் இருபதாயிரத்துச் சொச்சம் முஸ்லிம்களுக்கு ஓட்டுரிமை தரும் ஒரு மசோதா அவர் பெயரிலும் வியோலெத் என்பவர் பெயரிலும் வந்தது. குடியேறிய வெள்ளையர்கள் எதிர்த்தார்கள். அது நாடாளுமன்ற விவாதத்துக்கே வராமல் செத்தது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: அந்த அக்டோபரில் புதுச்சேரி வந்த நேரு, பாரிசுக்கே போய் முறையிடும்படி சுப்பையாவிடம் சொன்னார். சுப்பையா 1937-இல் போனார். அந்த ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் ஆணை வெளியானது. எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின. பக்கத்துப் பிரிட்டிஷ் இந்தியாவில் அன்று எட்டு மணி நேரச் சட்டம் கிடையாது. மக்கள் முன்னணி அரசு இல்லாமல் அந்தத் தாளில் கையெழுத்து விழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான். பன்னிரண்டு உயிர் போகாமல் விழுந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று சங்கக்காரர்கள் அந்தத் தியாகிகளுக்கு மாலை போடுகிறார்கள். மூன்று ஆலைகளும் இன்று மூடிக் கிடக்கின்றன. பின்னாளில் ஏ.எஃப்.டி. என்று அழைக்கப்பட்ட ரோடியர் மில் 2020-இல் அதிகாரபூர்வமாக மூடப்பட்டது. சங்கு ஊதினால் ஊரே நேரம் பார்த்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. இன்று மில் திடலில் கட்சி மாநாடும் பொருட்காட்சியும் நடக்கின்றன. எட்டு மணி நேரச் சட்டம் இருக்கிறது, எட்டு மணி நேரம் பார்க்க ஆலைதான் இல்லை.

ப்ளூமின் முதல் அரசு நீடித்தது 13 மாதத்துக்கும் குறைவு. ஸ்பெயினில் ஃபிராங்கோ கலகம் செய்தபோது, தன்னைப் போலவே தேர்தலில் வென்ற குடியரசுக்கு ஆயுதம் அனுப்ப அவர் மனம் துடித்தது. லண்டன் மறுத்தது, கூட்டணியில் இருந்த ரதிக்கால் கட்சியினர் மறுத்தார்கள், உள்நாட்டுப் போர் பிரான்சுக்கும் பரவும் என்ற அச்சம் வேறு. தலையிடாமைக் கொள்கை என்று ஒன்றை அறிவித்துவிட்டு, சுங்கச் சாவடிகளில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிக் கொஞ்சம் ஆயுதம் நழுவ விட்டார். அந்தக் கொஞ்சம் போதவில்லை. அவர் தோழர்களில் பலர் கடைசி வரை அவரை மன்னிக்கவில்லை. எனக்கும் அந்த இடத்தில் அவரை முழுமையாக மன்னிக்க மனம் வரவில்லை. நவம்பரில் உள்துறை அமைச்சர் ரொழே சலேங்ரோ, போரில் ஓடிப்போனவர் என்ற பொய்யைப் பத்திரிகைகள் விடாமல் எழுதியதால் தற்கொலை செய்துகொண்டார். 1937 மார்ச்சில் க்ளிஷி நகரில் போலீஸ் சுட்டுத் தொழிலாளிகள் இறந்தார்கள். ஓப்பராவிலிருந்து நேரே மருத்துவமனைக்கு விரைந்தார் ப்ளூம், விருந்து உடுப்போடு. அந்த உடுப்பையும் அவர் மேல் குற்றமாக எழுதினார்கள். ஜூன் 21 அன்று மேலவை நிதி அதிகாரம் மறுத்தது, அவர் விலகினார்.

1940-இல் பிரான்ஸ் தோற்றது. ஜூலை 10 அன்று மார்ஷல் பெத்தேனுக்கு முழு அதிகாரம் தர எதிர்த்து ஓட்டளித்த 80 பேரில் ப்ளூம் ஒருவர். செப்டம்பரில் கைது. 1942 பிப்ரவரியில் ரியோம் நகரில் விசாரணை தொடங்கியது. குற்றச்சாட்டு இதுதான்: விடுப்பும் 40 மணி நேரமும் கொடுத்து நாட்டைச் சோம்பலாக்கினாய், அதனால் தோற்றோம். எழுபதை நெருங்கும் அந்தக் கிழவர் எழுந்து நின்று, 1936 செப்டம்பரில் 1,400 கோடி ஃபிராங்க் ஆயுதத் திட்டத்தைத் தொடங்கியது யார் அரசு என்று கணக்கு வைத்துக் கேட்டார். பிறகு சைக்கிள்களைப் பற்றிப் பேசினார். வேலைப் பளுவில் அலுவலகத்தை விட்டு அதிகம் வெளியே போக முடியாது. போன சில தடவை பாரிஸ் புறநகர்ச் சாலைகளில் ஓட்டைக் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் பார்த்தேன். டாண்டம் சைக்கிளில் ஒரே மாதிரிக் கம்பளிச் சட்டை போட்ட தொழிலாளித் தம்பதிகளைப் பார்த்தேன். இருண்டு கிடந்த அந்த வாழ்க்கைகளில் சிறிது வெளிச்சம் வைத்திருக்கிறேன் என்று அப்போது தோன்றியது என்ற கருத்தில் சொன்னார். கைதிக் கூண்டில் நின்று ஒருவர் தன் தரப்புச் சாட்சியாக ஒரு கம்பளிச் சட்டையைச் சொன்னார். வழக்கு அரசுக்கே எதிராகத் திரும்பியது. ஏப்ரலில் விசாரணையை நிறுத்திவிட்டார்கள்.

1943-இல் அவரை ஜெர்மானியர்கள் புகன்வால்டுக்குக் கொண்டுபோனார்கள். முகாமை ஒட்டிய காட்டுக்குள் ஒரு தனி வீடு. பணயக் கைதி என்பதால் உயிரோடு வைத்திருந்தார்கள். ழான் ரெய்ஷன்பாக் என்ற பெண்மணி தானாகவே விரும்பி அந்தச் சிறைக்கு வந்து அவரை மணந்தார். திறந்த சன்னல் வழியாகச் சில மாலைகளில் வினோதமான ஒரு நாற்றம் வரும் என்றும், அது எதன் நாற்றம் என்று நெடுநாள் தெரியாமல் இருந்தது என்றும் ப்ளூம் பிறகு எழுதினார். அவர் தம்பி ரெனே, பாலே நாட்டியக் குழு நடத்தியவர், அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டிருந்தார். 1936 அமைச்சரவை சிதறிப்போயிற்று. லக்ராஞ்ழ் 1940 ஜூனில் போர்முனையில் விழுந்தார். அமைச்சர் மார்க்ஸ் தொர்முவா 1941-இல் படுக்கைக்கடியில் வைத்த குண்டில் இறந்தார். பள்ளிக் கட்டாயக் கல்வி வயதை 14 ஆக்கிய கல்வி அமைச்சர் ழான் சே 1944-இல் மிலிஸ் துணைப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆண்டு விடுப்பு கொடுத்தவர்களுக்கு அந்த நாடு கொடுத்த பதில் இது.

ப்ளூம் 1945-இல் உயிரோடு திரும்பினார். 1946 டிசம்பரில் ஒரு மாதத்துக்கு மறுபடியும் ஆட்சித் தலைமை. ஹோ சி மின்னோடு பேசித் தீர்க்க வேண்டும் என்று அப்போதுதான் பத்திரிகையில் எழுதியிருந்தார். ஹோ அவருக்கு அனுப்பிய தந்தி சைகோனில் தேங்கி, ஹனோயில் போர் மூண்ட பிறகே பாரிஸ் வந்து சேர்ந்தது. 1950 மார்ச் 30 அன்று ழுயி ஆன் ழொசாஸ் கிராமத்து வீட்டில் இறந்தார்.

அவர் காத்த பழைய வீடு இன்று எப்படி இருக்கிறது? 1981-இல் சோசலிஸ்டு மித்தெரான் அதிபர் தேர்தலில் வென்றபோது பாஸ்தில் சதுக்கத்தில் மழையில் நனைந்துகொண்டு ஆடினார்கள். விடுப்பு ஐந்து வாரமாயிற்று, வேலை 39 மணி நேரமாயிற்று, பிறகு 2000-இல் 35. அதன்பின் சரிவு. 2017-இல் சொல்ஃபெரினோ தெருவில் இருந்த தலைமையகத்தையே விற்றார்கள். 2022 அதிபர் தேர்தலில் கட்சி வேட்பாளர் ஆன் இதால்கோவுக்கு 2 சதவீத ஓட்டுக்கூட இல்லை. என்னை இன்னும் உறுத்துவது நார்போன். பாரிசில் தோற்ற ப்ளூமை 1929-இல் தன் பிள்ளையாக ஏற்று நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய தெற்கத்தித் திராட்சைத் தோட்டச் சீமை அது. நார்போன் இருக்கும் ஓத் மாவட்டத்தின் மூன்று தொகுதிகளையும் 2022-இல் மரீன் லெ பென்னின் தேசியப் பேரணி எடுத்துக்கொண்டது. 2024-இலும் எடுத்தது. அதே 2024-இல் இடதுசாரிக் கட்சிகள் நான்கு நாளில் ஒரு கூட்டணி கட்டின. பெயர் தேடி அலையவில்லை. புதிய மக்கள் முன்னணி என்று வைத்துக்கொண்டார்கள். அதிக இடங்களும் பெற்றார்கள். சேர்ந்து ஆளத்தான் முடியவில்லை.

விடுப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. 1956-இல் மூன்று வாரம், 1969-இல் நான்கு, 1982-இல் ஐந்து. அடுத்து வந்த எந்த வலதுசாரி அரசும் அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கத் துணியவில்லை. ஓய்வூதிய வயதை 64-க்கு ஏற்றிய 2023-இல்கூட யாரும் விடுப்பைத் தொடவில்லை. லக்ராஞ்ழின் ரயில் சீட்டு இன்றும் உண்டு, ஆண்டுக்கு ஒரு முறை 25 சதவீதத் தள்ளுபடியோடு. அதன் பூர்வீகம் தெரிந்து வாங்குபவர்கள் குறைவு. ஆனால் விடுப்பு இருந்தும் பிரெஞ்சுக்காரரில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேர் ஆண்டில் ஒரு தடவைகூட வெளியூர் போவதில்லை. பலருக்குப் போகப் பணம் இல்லை.

அன்று காலை ரொட்டி கிடைக்காமல் சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு பையன், முதுகில் உணவு கொண்டுபோகும் சதுரப் பெட்டி, பக்கத்தில் சைக்கிள். ஆகஸ்டில் பாதிக் கடை பூட்டியதால் ஆர்டர் குறைவாம். மாலி நாட்டிலிருந்து வந்தவன். செயலி நிறுவனத்தின் கணக்குப்படி அவன் தொழிலாளி இல்லை, சுயதொழில் செய்பவன். அதனால் சம்பளத்தோடு விடுப்பு என்பது அவனுக்குக் கிடையாது. கடலுக்குப் போயிருக்கிறாயா என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். வரும்போது பார்த்ததுதான் என்றான். போன் அடித்தது. பெட்டியின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டு, நகர்மன்றத்தைச் சுற்றி வோல்தேர் பெருவீதிப் பக்கம் மிதித்துக்கொண்டு போனான்.